‘உட மாட்டேன்’ என்றார் மைக் அக்கா

வடசென்னையில் கரண்ட்டே இல்லாமல் வேலை செய்த ஒரே ஒலிபெருக்கி எங்கள் மைக் அக்காதான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் சங்கு ஊதுவதே அக்காவுக்குப் பதில் சொல்லத்தான் என்று எங்கள் தண்டையார்பேட்டை டோல்கேட்டில் ஒரு கட்சி உண்டு. காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுப் பழகிய தொண்டை அது. ரகசியம் பேசும்போது கையை வாய்ப்பக்கம் கொண்டுபோவார். மற்றபடி சத்தத்தில் வித்தியாசம் இருக்காது.

அவர் வீட்டு மாடியில் நானும் என் மனைவி பாரதியும் குடியிருந்தோம். நான் அதே தண்டையார்பேட்டையில் பிறந்தவன்தான். கனடாவுக்குப் படிக்கப் போய், வேலை கிடைத்து, அந்த ஊர்க் குடியுரிமையும் வாங்கிவிட்டேன். வள்ளூர் பக்கம் ஒரு மின்சார வேலைக்காகக் கம்பெனி என்னை இரண்டு வருஷம் இங்கே அனுப்பியது. வந்த இடத்தில் எம்.கே.பி. நகர்ப் பெண்ணான பாரதியைப் பார்த்தேன், கல்யாணம் ஆனது.

நான் அப்பாவாகப் போகும் செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் தெருமுனை புரோட்டா மாஸ்டர். பாரதி காலையில் அக்காவிடம் மட்டும் தன் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வருவதற்குள் தெருவே இனிப்புக் கேட்டது.

பாரதிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அவர்கிட்ட நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன்க்கா ஊருக்குச் சொன்னீங்க?”

“நானு யாராண்ட கண்ணு சொன்னேன்? உன் காதுலதான் சொன்னேன். புரோட்டா மாஸ்டருக்குக் கேட்டுதுன்னா அது அவன் காது கோளாறு!”

அந்தச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது. என் வேலை முடியப்போகிறது. அங்கே போய்ச் சேர வேண்டும். பாரதியின் விசாவுக்கு எழுதிப் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விசா தாமதமானால் பிள்ளை இங்கே பிறக்கும், நான் எங்கோ பனியில் நின்றுகொண்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ‘நீங்கள் மனைவியோடு வெளிநாட்டில் வசிக்கிறீர்கள். அவருக்கு விசா கொடுத்தால் இருவரும் நிச்சயம் இங்கே வந்து வாழ்வீர்களா?’ வெளிநாடு என்று அவர்கள் சொன்னது டோல்கேட்டை. நான் பிறந்த தெருவில் உட்கார்ந்துகொண்டு, ‘ஐயா, நான் இங்கே தங்கமாட்டேன்’ என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

கல்யாணப் படங்களும் கேட்டிருந்தார்கள். ஒரு ஏஜென்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “சார், தப்பா நினைக்காதீங்க. இதுல பொண்ணு யாரு?” என்றார். எல்லாப் படத்திலும் நடுவில் பட்டுப்புடவையும் இரட்டை மாலையுமாக மைக் அக்கா. பாரதியின் பாதி நெற்றி ஓரத்தில் தெரிந்தது.

கடைசியில், இருவரையும் வீடியோவில் விசாரிக்க நாள் குறித்தார்கள். அன்று மட்டும் சத்தம் வேண்டாம் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, அவரே முந்திக்கொண்டார்.

“இன்னா நைனா மொகத்த அப்புடி வெச்சிகினு கீற? என் வாயிதான பிரச்சினை? நானு காசிமேட்டுலயே குந்திகினு கீறேன். மத்தியானம் சோத்துக்குத்தான் வருவேன். போதுமா?”

சொன்னபடியே அன்று விடியுமுன் போய்விட்டார். ஆனால் காலை விசாரணை ஏதோ காரணத்தால் தள்ளிப்போய், மத்தியானம்தான் தொடங்கியது. ஜன்னலோரத்தில்தான் சிக்னல் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். திரையில் ஓர் அதிகாரி அம்மா. பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். எப்படிச் சந்தித்தீர்கள், யார் சமைப்பார்கள் என்று கேள்விகள் வந்தன. பாரதி என் விரல்களை நசுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்களுக்கு உறவெல்லாம் அங்கேதானே? உண்மையிலேயே கிளம்பி வருவீர்களா?”

பாரதி வாயைத் திறந்தாள். கீழேயிருந்து இடி இறங்கியது.

“உட மாட்டேன்! எவன் வந்து கேட்டாலும் சரி, நானு உட மாட்டேன்!”

அக்கா சோற்றுக்கு வந்துவிட்டார்.

அதிகாரி அம்மா பேனாவை நிறுத்தினார். “யார் அது? என்ன சொல்கிறார்?”

மொழிபெயர்க்கும் பெண் தர்மசங்கடத்தோடு சொன்னாள்: “விடமாட்டேன் என்கிறார்.”

“இவர்களையா?”

ஜன்னலைச் சாத்த எழுந்தேன். பாரதி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“கீழ் வீட்டு அக்கா, மேடம். எங்களைப் பிரிய அவங்களுக்கு மனசு வராது. எனக்கும்தான் வராது. ஆனா என் புள்ளை பொறக்கும்போது அதோட அப்பா பக்கத்துல இருக்கணும். நான் போவேன்.”

கீழே ஒரு ஆண் குரல் கெஞ்சியது. வீட்டு புரோக்கர். “இல்லக்கா, மேல் போர்ஷன் காலியாவுதுன்னாங்கோ. நல்ல பார்ட்டி கீது...”

“காலிதான் ஆவும்! அதுங்க கனடா போவுதுங்கோ. அந்தப் பொண்ணுக்கு அங்கதான் பிரசவம். அதுக்காவ வூட்ட உன் பார்ட்டிக்கு உடணுமா? நாளைக்கி கொயந்தய தூக்கினு வந்தா எங்கய்யா தங்கும், ஓட்டல்லயா? பூட்டியே கெடக்கட்டும். வாடகைக்கு உட மாட்டேன், போ!”

மொழிபெயர்க்கும் பெண் இந்த முறை கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு முட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். “வேறு கேள்வி இல்லை” என்றார். திரை அணைந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பேஜாரு. தேறியதா, போச்சா என்று ஒன்றும் தெரியவில்லை. பாரதி இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பாள், மறுபடி பிரிப்பாள். நடந்ததைக் கேட்ட அக்கா, “என் வாயால கெட்டுதுன்னா நானே அந்தம்மாவாண்ட பேசறேன், நம்பரு குடு” என்றார். நான் போனை ஒளித்து வைத்தேன்.

விமானக் கெடு நெருங்கிய சமயத்தில் விசா வந்தது. பாரதி படியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, “அய்வாத, புள்ளைக்கு ஆவாது” என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

எங்கள் மகள் அங்கே ஒரு பனிநாளில் பிறந்தாள். பிரசவ வலியின் நடுவே நர்ஸ் வந்து, அவசரமென்றால் கணவரைத் தவிர வேறு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

“என் அக்காவுக்கு” என்றாள் பாரதி.

அவள் வீட்டுக்கு மூத்த பெண். கூடப் பிறந்த அக்கா கிடையாது. நான் மைக் அக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.