மகாராணி நிரபராதி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் தங்கச்சியும் உங்கள் மாடுகளும், இதே வரிசையில், நலமாக இருக்க வேண்டும். என் போனை எடுப்பதில்லை என்று நீங்கள் சபதம் போட்டிருப்பதால் பேனாவை எடுத்தேன்.

என் மகாராணி நிரபராதி! அவள் உங்கள் கொட்டகையில் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்த கையோடு உங்கள் மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வந்தது, அதே வாரம் என் மாடுகளுக்கும் வந்தது, உடனே நீங்க, "உங்க மாடுதான் மச்சான் கோமாரியைக் கொண்டாந்து எங்க தலையில கட்டிடுச்சு"ன்னு தெருவையே கூட்டிச் சொன்னீங்க, அன்னைக்கு என்கிட்டப் பேச்சை நிறுத்தின தங்கச்சி இன்னும் பேசலை, கூடப் பொறந்தவ பேசாம எனக்குச் சோறு இறங்கலை, மாட்டு டாக்டரம்மா கால்ல விழாத குறையாக் கெஞ்சி ரெண்டு கொட்டகையிலயும் கொப்புளத்துல இருந்து மாதிரி எடுக்க வெச்சேன், மகாராணி அவங்க கையுறையை மென்னுட்டா, அதைப் பிடுங்கப் போய் நான் தீவனத் தொட்டிக்குள்ள விழுந்தேன், அதெல்லாம் விடுங்க.

நேற்று பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா போனில் சொன்னார்: "ரெண்டுமே கோமாரிதான். ஆனா மரபணுவைப் பாத்தா உங்க வைரஸ் வேற வகை, அவங்க வைரஸ் வேற வகை. ரொம்ப தூரத்துச் சொந்தம். இங்கேருந்து அங்க போயிருக்க வாய்ப்பே இல்லை."

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு மகாராணியின் காதருகே பிடித்து மறுபடியும் சொல்ல வைத்தேன்.

உங்களைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். நோயிலிருந்து எழுந்து துள்ளிக்கொண்டிருக்கும் மகாராணியின் கன்றைத் தங்கச்சிக்குப் பரிசாகக் காலையிலேயே வேனில் ஏற்றிவிட்டேன். உங்கள் மாடுகளோடு சேர்த்தே கட்டுங்கள். எல்லோருக்கும்தான் வந்து போய்விட்டதே, இனி என்ன பயம்?

தங்கச்சி நூறு வயது வாழட்டும். நீங்களும் கூடவே இருங்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும் உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கன்றை வேனிலிருந்து இறக்காதீர்கள்! அதை அனுப்பிய பெருமையைச் சொன்னதும் டாக்டரம்மா போட்ட சத்தத்தில் மகாராணியே எழுந்து நின்றுவிட்டாள். "வகை வேறன்னா என்னங்க அர்த்தம்? அவங்க மாட்டுக்கு உங்க வகையை எதிர்க்கிற சக்தியே கிடையாது! குணமான கன்னுக்குட்டி தொண்டையிலயும் வைரஸ் ஒளிஞ்சிருக்கலாம். இதுவரைக்கும் கொடுக்கலை, இப்பத்தான் நிஜமாவே கொடுக்கப் போறீங்க!" வேன்காரர் போனை இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டாக்டரம்மாவின் உதவியாளர் இந்தக் கடிதத்தோடு பைக்கில் அவரை விரட்டி வருகிறார். திட்டுவதற்காகவாவது தங்கச்சியைப் போன் பண்ணச் சொல்லுங்கள். என் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.