முசுறுகளின் ஒற்றுமையை நாரையார் அளந்த கதை

ஒரு காட்டில், ஒரு மாமரத்தில், முசுறு எறும்புகள் கூட்டமாய்க் குடியிருந்தன. கடித்தால் கண்ணில் பொறி பறக்குமே, அந்தச் செவ்வெறும்புதான். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாய்த் தொங்கும். மாவிலைகளைக் கிட்டே இழுத்து, ஒட்டிக் கூடு கட்டும்.

செங்கமலம் அந்தச் சங்கிலியில் முன்வரிசைக்காரி. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் கூடு முடியாவிட்டால் கிளையில் கிடக்கும் முட்டையெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

அந்த நேரம் பார்த்து வந்திறங்கினார் முனைவர் நாரை. கழுத்தில் அடையாள அட்டை. அலகில் கவ்வி வந்த டேப்லெட்டைக் கிளையில் வைத்தார்.

“கூடி வேலை செய்கிறவர்களுக்குக் கணினி எப்படிக் கைகொடுக்கும் என்பது என் ஆராய்ச்சி. நீங்கள் எப்படித் தகவல் பரிமாறுகிறீர்கள்?”

“இடுப்பைப் புடிச்சிருக்கோமே ஐயா. அவ இழுத்தா எனக்குத் தெரியாதா?” என்றாள் செங்கமலம்.

“பதிவே இல்லையேம்மா,” என்று உச்சுக்கொட்டினார் நாரை. “இனி இழுக்குமுன் ‘இழுக்கிறேன்’ என்று இதில் தட்டு. பின்னால் இருப்பவள் ‘பார்த்தேன்’ என்று தட்டட்டும்.”

ராணி எறும்பு உடனே சம்மதித்துவிட்டது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அதன் பெயர் வருமாம்.

செங்கமலம் பிடியை விட்டு இறங்கித் தட்டினாள். இலை படக்கென்று விரிந்து பழைய இடத்துக்கே போனது. திரும்பினால், சங்கிலியில் அடுத்தவளான வடிவும் பிடியை விட்டுப் பின்னால் நிற்கிறாள்.

“நீ ஏண்டி விட்டே?”

“நீ விட்டதைப் பார்த்தேன்னு தட்ட வேணாமாக்கா?”

சற்று நேரத்தில் கூட்டம் முழுக்க டேப்லெட் மேல்தான் வரிசையில் நின்றது. இலையில் ஒருத்திகூட இல்லை. நாரைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “வாயே திறக்காத கூட்டம், இன்றைக்கு எத்தனை பேச்சு!”

மழை கொட்டியது.

“ஐயா, அந்தப் பலகையைக் கவுத்து வைங்க. முட்டைக்குக் கூரையாகும்,” என்று கெஞ்சினாள் செங்கமலம்.

“உள்ளே தரவு இருக்கும்மா, நனையக்கூடாது,” என்று அதைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டார். எறும்புகள் அவர் சிறகில் தொற்றிக்கொண்டு, தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

செங்கமலம் ஒரே ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மரப்பொந்துக்கு ஓடினாள். மற்றதெல்லாம் போயிற்று.

மாநாட்டில் நாரைக்குப் பொன்னாடை. அவர் வாசித்த முடிவு இது: “முட்டைகள் அடித்துச் செல்லப்பட்டபோதும் குழு கருவியை விட்டு நகரவில்லை. ஒருத்தி மட்டும் எதையும் தட்டாமல் ஓடிவிட்டாள். அவளுக்குப் பயிற்சி போதாது.”

நீதி: கூடு கட்டாதே. கட்டுகிறவன் பக்கத்தில் நின்று, எப்படிக் கட்டுகிறாய் என்று கேட்டுக்கொண்டிரு. பொன்னாடை உனக்குத்தான்.