ஆர்தர் தெருவின் எடை

தராசு அறுபத்தெட்டு கிராம் என்றது. ரெய்னோ லஹ்தெலா ஐம்பத்தைந்து என்று எழுதினார்.

எழுதிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சமையலறையில் அவரைத் தவிர ஒரு தாய் எலியும் ஒன்பது குட்டிகளும்தான் இருந்தன. தட்டில் உட்கார்ந்திருந்த குட்டி முன்னங்கால்களால் முகம் கழுவிக்கொண்டிருந்தது. அதற்கு ஆட்சேபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இருபத்தொன்பது வருடம் கனடாவின் தண்டர் பே ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் அவர். வேலை நேரச் சீட்டில் ஐந்து நிமிடம் கூட்டிப் போட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற பிறகு எலிக்குட்டியின் எடையில் பொய் எழுத வேண்டியதாகிவிட்டது.

காரணம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. எலி மீட்பு இல்லம் நடத்தும் ஜோஸ்லின் கொடுத்த விதிமுறைத் தாள் அது. வாரம் ஒருமுறை எல்லாக் குட்டிகளையும் நிறுத்து, சராசரி எடையை அனுப்ப வேண்டும். சராசரி நூறு கிராம் தாண்டியதும் தாயையும் குட்டிகளையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

நூறு கிராம் தாண்டினால் குட்டிகள் போய்விடும். குட்டிகள் போய்விட்டால் ஐலா வரமாட்டாள்.

ஐலா அவருடைய ஒரே மகள். இருபத்து நான்கு வயது, ஊரின் மறுகோடியில் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அப்போதிருந்து வருடத்துக்கு மூன்று முறை வருவாள்: கிறிஸ்துமஸ், ஈஸ்டர், தந்தையர் தினம். தந்தையர் தினத்தன்று காரை அணைக்காமலே வந்து, வாழ்த்து அட்டையை நீட்டிவிட்டுப் போவாள்.

போன கிறிஸ்துமஸில் பேச்சுவாக்கில் சொன்னாள். "எட்டு வயசுலேர்ந்து எனக்கு எலி வளர்க்கணும்னு ஆசை. இப்ப இருக்கற வாடகை வீட்டுல விட மாட்டாங்க."

எட்டு வயதில் அவள் கேட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "எலிக்குப் பொறி வைப்பாங்களா, பேரு வைப்பாங்களா?" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று பனி கொட்டியது. பள்ளிக்கூடத்தில் அவள் பாடிய நாளிலும் பனி. அவளுடைய பத்தாவது பிறந்த நாளிலும் பனி. ஏழு வயதில் வாசலோரம் அவள் கட்டிய பனிமனிதனை, கேரட் மூக்கும் கழுத்துத் துணியுமாக, வேறு யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை. அவர் வண்டிதான் தள்ளிக்கொண்டு போனது. தெருவைச் சுத்தமாக வைத்திருந்தார். வீட்டைத்தான் கவனிக்கவில்லை. இதை அவர் உணர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை.

ஜனவரி மாதம் மீட்பு இல்லத்துக்குப் போன் போட்டார்.

"ஒரே ஒரு எலி வேணும். கொஞ்ச நாள் வெச்சுப் பார்த்துக்கறேன்."

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் ஜோஸ்லின். "ஆனா அது பிள்ளை பெத்திருக்கு."

ஒன்பது பெற்றிருந்தது. கட்டைவிரல் பருமனில், கண் திறக்காத ஒன்பது. வீட்டுக்குக் கொண்டுவந்த ரெய்னோ பயந்துபோய் மகளை அழைத்தார். இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை கூப்பிட்டபோது, அவருக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். தாய்க்கு, அவர் கடையில் வாங்கும் ஏலக்காய் ரொட்டியின் பெயரான புல்லா என்று பெயர் வைத்தாள். குட்டிகளுக்கு ஊரின் தெருப் பெயர்கள்: ஆர்தர், பால்மொரல், ஆல்கோமா என்று வரிசையாக.

"ஏன் தெருப் பேரு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மறக்காத பேரு அது மட்டும்தானே அப்பா."

சுருக்கென்றது. ஆனால் சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை சுருக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஏற்பாடு இதுதான். அவர் ஞாயிறு காலையிலேயே குட்டிகளை நிறுத்து, சராசரியைத் தாளில் எழுதி வைத்துவிடுவார். ஐலா வந்து அந்த எண்ணைத் தன் போனில் தட்டி ஜோஸ்லினுக்கு அனுப்புவாள். போனில் தட்டி அனுப்புவது அவருடைய தடித்த விரலுக்கு ஒத்துவராது.

அன்றும் பான்கேக் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க. இந்த வாரம் எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு" என்றார் ரெய்னோ, ஜன்னலைப் பார்த்தபடி.

ஐலா மடியில் கிடந்த ஆர்தரைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். "உடம்பே பிடிக்க மாட்டேங்குது."

போனில் தட்டி அனுப்பினாள். ரெய்னோ மூச்சு விட்டார்.

மறுநாள் காலை ஜோஸ்லின் போன் செய்தாள்.

"ரெய்னோ, எனக்குப் பயமா இருக்கு. என்ன எடை இது? குட்டிங்க பட்டினி கிடக்கற மாதிரி இருக்கே!"

பதின்மூன்று கிராமுக்கு இந்தப் பதற்றமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. எலிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பதறுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் சாப்பிடுதுங்க" என்றார்.

"போதாது. சத்து உணவு அனுப்பறேன். மூணு வேளையும் குடுங்க."

பெட்டி வந்தது. குழந்தைகளுக்கான சோயாப் பால் மாவு, ஓட்ஸ், அவகாடோ, அவித்த முட்டை. கொடுக்காமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒன்பதும் வரிசையாக நின்று கையை நீட்டும்போது யாரால் மறுக்க முடியும்? அடுத்த ஞாயிறு தராசு நூற்றிருபது என்றது. ரெய்னோ எண்பது என்று எழுதினார்.

ஆண் குட்டிகளைத் தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டிய வாரம் அது. ஐலா ஒவ்வொன்றாகத் தூக்கி மாற்றினாள். பால்மொரலைத் தூக்கும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது.

"எவ்வளவுப்பா?"

"எண்பது."

"எண்பதா?" என்று பால்மொரலை உற்றுப் பார்த்தாள். "எலும்பும் தோலுமாத்தான் இருக்கான்."

பால்மொரலுக்குக் கழுத்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஐலா அதைக் கூண்டில் விட்டுவிட்டு, போனில் தட்டிவிட்டு, அன்று இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தாள். முதல் வேலை, பிரிந்துபோன காதலன், அம்மாவின் முழங்கால் வலி என்று பன்னிரண்டு வருடத்துக் கதையைச் சொன்னாள். ரெய்னோ குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாமே அவர் முன்னாலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயங்கள். அவள் போன பிறகு அவள் குடித்த காப்பிக் கோப்பையை வெகுநேரம் கழுவாமல் வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஜோஸ்லின் மறுபடி அழைத்தாள்.

"வீடியோவுல காட்டுங்க. ஒரு குட்டியை டம்ளர் பக்கத்துல நிக்க வைங்க, நான் பார்க்கணும்."

ரெய்னோ டம்ளரை எடுத்தார். ஆர்தர் டம்ளரை மறைத்தது. டம்ளரை வைத்துவிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றரை லிட்டர் பீர்க் கோப்பையை இறக்கினார். அதன் பக்கத்தில் ஆர்தர் சற்று ஏழ்மையாகத் தெரிந்தது.

"அது டம்ளரா?"

"எங்க பக்கத்து டம்ளருங்க கொஞ்சம் பெருசா இருக்கும்."

"ஐயோ, எவ்வளவு சின்னதா இருக்கு!" ஜோஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "புல்லாவுக்குப் பால் வத்திருச்சோ என்னவோ. பொண்ணுங்களை அவகூடவே விட்டு வைங்க. இன்னும் ரெண்டு வாரம் குடிக்கட்டும். புதன்கிழமை நான் வரேன்."

இரண்டு வாரம் என்றதும் ரெய்னோவுக்கு உள்ளுக்குள் பாட்டு வந்தது. இரண்டு ஞாயிறு! புதன்கிழமை என்றதும் பாட்டு நின்றது.

புதன் காலை கூண்டைத் துடைக்கப் போனார். கீழ்த்தட்டில் ஐந்து பெண் குட்டிகளும் பஞ்சு மூட்டைகளாகப் புரண்டுகொண்டிருந்தன. புல்லாவைக் காணவில்லை. மேல்தட்டு மூலையில், சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எப்போது இவ்வளவு இளைத்தாள்? முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. தண்ணீர் குடிக்க மெல்ல இறங்கினாள். அவ்வளவுதான், அவளில் பாதி கனமுள்ள ஐந்தும் மேலே விழுந்து அடிவயிற்றில் பால் தேடின. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் மறுபடி மேலே ஏறிக்கொண்டாள்.

ரெய்னோ துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, போகட்டும் என்று அவள் எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. தன் ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு தாயின் உடம்பைக் கரைத்திருக்கிறார். அன்று வண்டியில் இருந்ததால் பனிமனிதன் கண்ணில் படவில்லை என்று சொல்லலாம். இன்று அவர் வண்டியிலும் இல்லை.

அவளை மெதுவாக எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் கொடுத்தார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். அவள் குடித்துவிட்டுப் பைக்குள்ளேயே தூங்கிப்போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தபோது வாசல் மணி அடித்தது.

ஜோஸ்லின் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்கு ஓடினாள். கண்ணீரைத் துடைக்கத் தயாராக ஒரு கையில் கைக்குட்டை வைத்திருந்தாள். இன்னொரு கையால் ஆர்தரைத் தூக்கினாள். ஒரு கை போதவில்லை. கைக்குட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ரெய்னோ" என்றாள். "இது எலியா, தலையணையா?"

தான் கொண்டுவந்த தராசில் வைத்தாள். நூற்று நாற்பது.

"நான்தான் எடையைக் குறைச்சு எழுதினேன்" என்றார் ரெய்னோ. "ஆரம்பத்துலேர்ந்தே. அந்த டம்ளரும் டம்ளர் இல்ல."

"எதுக்கு?"

"இதுங்க இருந்தா என் பொண்ணு வருவா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவா." சட்டைப்பையைத் திறந்து காட்டினார். "இவளைப் பார்த்தீங்களா, எப்படி ஆயிட்டா. என்னாலதான். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

ஜோஸ்லின் திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். குட்டிகளைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றாகப் போகும்போது ரெய்னோ அதன் தெருப் பெயரைச் சொல்லி வழியனுப்பினார். ஆல்கோமா, பால்மொரல், ஆர்தர். கடைசியாகப் பையிலிருந்து புல்லாவை எடுத்துக் கொடுத்தார். சட்டைப்பை சில்லிட்டுப்போனது.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க" என்றார். "ஐலாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. நான் சொன்ன எண்ணை நம்பித்தான் அவ அனுப்பினா. ரொம்ப நேர்மையான பொண்ணு. ஒரு கிராம் கூட்டிக் குறைச்சுப் போட மாட்டா. அப்பன் பொய்யன்னு தெரிஞ்சா வருஷத்துல அந்த மூணு நாளும் வர மாட்டா."

ஜோஸ்லின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த, அவர் எடை எழுதிய தாளைப் பிய்த்து எடுத்தாள். தன் போனைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"இதுல எண்பதுன்னு எழுதியிருக்கீங்களே, ரெய்னோ" என்றாள். "உங்க பொண்ணு எனக்கு அனுப்பினது நாப்பத்தெட்டு."