ராஜவேலு ஊர் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

"அவ்ளோதானா தம்பி? இல்ல, பாக்கறதுக்கு இன்னும் ஏதாச்சும் கீதா?" என்று கேட்டார் பச்சையப்பன்.

ராஜவேலு திரும்பிக் கோபுரத்தை ஒரு தடவை பார்த்தான். திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து, மனிதர் இன்னும் செருப்பைக்கூட மாட்டவில்லை. நாலு ஜில்லாவிலிருந்து ஜனங்கள் ரயிலேறி வந்து பார்க்கிற பெருமாள். அந்தப் பெருமாளை ரேஷன் கடை க்யூவில் நின்று சர்க்கரை வாங்குகிற மாதிரி பார்த்துவிட்டு வந்து, "அவ்ளோதானா" என்கிறார்.

பக்கத்தில் அவருடைய தங்கை பூவம்மாள் நின்றிருந்தார். வாயில் வெற்றிலை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமா இப்டி கேட்டுட்டீங்க? இன்னும் எவ்வளவோ கீது. ஒரு நாள் பத்தாது."

பச்சையப்பன் பெருமூச்சு விட்டார். நம்பாத மனிதர் விடுகிற மூச்சு என்று ராஜவேலு அதை எடுத்துக்கொண்டான்.

ராஜவேலுவுக்கு வயது இருபத்தொன்பது. காக்களூரில் குடைக்கம்பி செய்கிற சின்னக் கம்பெனியில் ஃபிட்டர். நாலு ஊரில் பெண் பார்த்து, நாலு வீட்டிலும் பஜ்ஜி சாப்பிட்டு, நாலு வீட்டிலிருந்தும் "சொல்லி அனுப்பறோம்" என்ற பதிலோடு திரும்பியவன். ஐந்தாவதாகப் பார்த்தவள்தான் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் குணசுந்தரி, இந்தப் பச்சையப்பனின் இளைய பெண். அவள் காப்பி டம்ளரை நீட்ட, இவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்க, காப்பி பாதி சட்டையில். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து அந்தச் சட்டையை அவன் துவைக்கவில்லை. இவள் இல்லையென்றால் இனி பஜ்ஜியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான்.

தரகர் துலுக்காணம் மூன்று நாள் முன்னால் வந்து சேதி சொன்னார்.

"பையன புடிச்சிருக்குதாம். வேலையும் ஓகே. ஆனா ஊரப் பாக்கணும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம அண்ணனும் தங்கச்சியும் வராங்க."

"ஊர்ல இன்னா பாக்கறது?"

"அதான் எனக்கும் புரியல. காஞ்சிபுரத்துல ஒரு வாத்தியார காமிச்சேன், ஊரு சரியில்லன்னுட்டாங்க. திருப்பதில பாத்திரக்கட வெச்சிக்கினு கீற பையன், தங்கமான பையன். அதுவும் ஊரு சரியில்லயாம்."

"திருப்பதியே சரியில்லயா!"

"இன்னாத்த சொல்றது? பேஜாரு புடிச்ச குடும்பமா கீது. நீ பாத்து ஷோக்கா ஊரக் காட்டு. அப்புறம் உன் அதிர்ஷ்டம்."

திருப்பதியைத் தள்ளியவர்களுக்குத் திருவள்ளூரைக் காட்டுவதென்றால் சும்மாவா? ராஜவேலு இரண்டு நாள் யோசித்து, கம்பெனிப் பழுப்புக் கவரின் முதுகில் ஏழு இடங்களை எழுதிவைத்தான். அதில் கோயிலையும் குளத்தையும் தனித்தனியாக எழுதியிருந்தான். தேரடியும் தேரும்கூடத் தனித்தனி.

இப்போது குளக்கரைக்கு அழைத்துப்போனான்.

"இதான் மாமா குளம். வெல்லம் வாங்கிக் கரைச்சா ஒடம்புல இன்னா நோவு இருந்தாலும் கரைஞ்சிடும். வர்ற வாரம் தை அமாவாச. அன்னிக்கு வந்து பாக்கணும் நீங்க. எள்ளு போட்டா எள்ளு விழாது. அவ்ளோ சனம்!"

பச்சையப்பன் படிக்கட்டைப் பார்த்தார். "அம்மாம் பேரும் எங்க தங்குவாங்க தம்பி?"

கேள்வி வந்ததே என்று ராஜவேலுவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. "சத்திரம் கீது. ஆனா சத்திரத்துல எவன் படுப்பான் மாமா? ஊருக்குள்ள சொந்தக்காரங்க ஊடு இல்லாமயா பூடும்? மொத நாள் ராத்திரியே வந்து ஊட்ல படுத்துக்குவாங்க. மாசா மாசம் அமாவாச வருதே!"

"மாசா மாசம்," என்று முணுமுணுத்தார் பச்சையப்பன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வயசானவர், நடந்து கால் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தான் ராஜவேலு. ஓடிப்போய் ஒரு ஜட்கா பிடித்து வந்தான். தேரடி, தேர், கடைத்தெரு எல்லாவற்றையும் வண்டியில் வைத்தே காட்டினான். பச்சையப்பன் எதைப் பார்த்தாலும் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை வந்தது. கொட்டகையின் ஒரு பக்கத் தட்டி சரிந்து, உள்ளே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. அதைப் பார்த்ததும் பச்சையப்பனின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

கேலி செய்கிறார் என்று ராஜவேலுவுக்கு ரோஷம் வந்தது.

"பகல்ல பாத்தா இப்டித்தான் இருக்கும் மாமா. சாய்ந்தரம் வாங்க! வாரத்துக்கு ரெண்டு படம் மாத்தறான். செவ்வாப்பேட்டைலேந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. படம் வுட சொல்ல கடைசி ரயிலு போயிருக்கும்."

"போயிட்டா?"

"தெரிஞ்சவங்க ஊட்ல படுத்துக்கினு, காலைல நாஷ்டா துன்னுட்டுப் போவாங்க. அதுல இன்னா கீது?"

பூவம்மாளின் கன்னம் அசைவது நின்றது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் ஈயாடவில்லை. ஜட்காக்காரன் கேட்காமலே குதிரையை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். ராஜவேலுவின் அம்மா கங்கம்மாள் விடிகாலையிலிருந்து சமைத்து, ஏரி மீன் குழம்பும் கத்தரிக்காய் பொரியலும் வைத்திருந்தாள். பச்சையப்பன் கொஞ்சமாகச் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாக விசாரித்தார்.

"ஊட்டுக்கு விருந்தாளிங்க ரொம்ப வருவாங்களோ?"

கங்கம்மாள் பொய் பேசத் தெரியாதவள். அதுவும் குறை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் உண்மையை அடக்கவே அவளால் முடியாது.

"யாரு வரா இந்த ஊட்டுக்கு? எட்டு வருசமா குடியிருக்கறோம். ஒரு காக்கா வரல. இந்த ஊர்ல இன்னா கீது, வந்து பாக்கறதுக்கு? ஒரு கோயிலு, அத வுட்டா கூட்ஸ் வண்டி. கூடப் பொறந்தவன்கூட ரயில்ல போவ சொல்ல ஜன்னல்லேந்து கையாட்டிட்டு நேரா மெட்ராஸ் பூடறான்."

பச்சையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா. கொழம்பு பஸ்ட் கிளாஸா கீது." வாயெல்லாம் பல்லாக இருந்தது.

ராஜவேலுவின் ரத்தம் கொதித்தது. பெற்ற தாயே இப்படிக் காலை வாரினால் பிள்ளை என்னதான் செய்வான்? ஊரில் ஒன்றுமில்லை என்று இவளே சொல்கிறாள். வந்தவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா! அடுப்பங்கரைய வுட்டு வந்தாத்தான? போன வருசம் தை அமாவாசைக்கு எங்க பெரியப்பா ஊட்லேந்து பதினெட்டு பேரு வந்தாங்க."

"யாருடா? எப்ப?" என்றாள் கங்கம்மாள்.

"நீ சும்மா இரும்மா! நாலு நாள் இருந்துட்டுத்தான் போனாங்க மாமா. அவங்களுக்குப் போவவே மனசு இல்ல. எனக்கும் அனுப்ப மனசு வரல."

பச்சையப்பனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ராஜவேலு அவர் பார்வை போன திசையைப் பார்த்தான். அது அந்த ஒற்றை அறையின் சுவரில் முட்டி நின்றது. ஓகோ, வீடு சின்னது என்று யோசிக்கிறாரா? அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

"இந்த ஊடு தற்காலிகம் மாமா. கல்யாணம் ஆனா கோயிலுக்குப் பின்னால பெரிய ஊடா பாத்துடுவேன். ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். கூடத்துல தாராளமா முப்பது பேரு படுக்கலாம்!"

பச்சையப்பனுக்குப் புரையேறிவிட்டது. கங்கம்மாள் தண்ணீர் கொடுத்தாள். பூவம்மாள் இலையை மடித்துவிட்டு எழுந்து போய் இன்னொரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

"நாங்க அப்டியே மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறோம் தம்பி," என்றார் பச்சையப்பன்.

"அதெப்டி! பூண்டி பாக்காம போறதா?"

இவ்வளவு நேரம் காட்டியதெல்லாம் சும்மா. பூண்டி ஏரிதான் ராஜவேலுவின் துருப்புச் சீட்டு. மழை நன்றாகப் பெய்த வருஷம், தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. பஸ்ஸில் போனால் மதிப்பில்லை என்று வாடகைக்கு அம்பாசிடர் கார் வைத்து, வரமாட்டேன் வரமாட்டேன் என்றவர்களை அதில் ஏற்றி உட்கார வைத்தான்.

ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மரத்தடியில் ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டு அண்டாவிலிருந்து புளிச்சோறு எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தானை இடுப்பில். முகமெல்லாம் வேர்வை.

பச்சையப்பன் அவளிடம் போய் நின்றார். "உனக்கு எந்த ஊரும்மா?"

"திருவள்ளூருதாங்க. இவங்கள்லாம் எங்க ஊட்டுக்காரரு பக்கம். அணைக்கட்டு பாக்க வந்தாங்க."

"எப்ப வந்தாங்க?"

"பொங்கலுக்கு," என்றாள் அந்தப் பெண். பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"நீ துன்னியாம்மா?"

அந்தப் பெண் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியால் அடியைச் சுரண்டினாள்.

"பாத்தீங்களா மாமா!" என்று பின்னாலிருந்து பூரித்தான் ராஜவேலு. "எவ்ளோ கலகலன்னு கீது பாருங்க! நம்ம குணசுந்தரியும் இங்க வந்துட்டா இதே மாதிரி மாசம் நாலு தடவ வரலாம். உங்க ஊர்லேந்து எல்லாரையும் அனுப்புங்க. வண்டி கட்டிக்கினு வரச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்!"

பச்சையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது. ஏரிக்காற்றில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தான் ராஜவேலு.

ஆறு மணி கும்மிடிப்பூண்டி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் கடைசி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். பச்சையப்பன் ராஜவேலுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ நல்ல புள்ள. தங்கமான மனசு. ஊரும் ரொம்பப் பெரிய ஊரு. நான் இவ்ளோ நெனைக்கல." கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "சொல்லி அனுப்பறோம்."

இந்த இரண்டு வார்த்தையை ராஜவேலு நாலு ஊரில் கேட்டவன். அப்போதெல்லாம் கோபம்தான் வந்தது. இப்போது அழுகை வந்தது. அந்தச் சொம்புத் தண்ணீரும் சிரிப்பும் பஸ்ஸேறி எங்கோ போவது மாதிரி இருந்தது.

பஸ் உறுமியது. அவன் ஜன்னலோரம் ஓடினான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பூவம்மாள்.

"பெரியம்மா! எங்க ஊர்ல இன்னா கொற? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. பூண்டில படகு வுடப் போறதா பேசிக்கறாங்க. பார்க்கு போடப் போறாங்களாம். இன்னும் ரெண்டு வருசத்துல மெட்ராஸே இங்க வந்துதான் சுத்திப் பாக்கும் பெரியம்மா!"

பூவம்மாள் தலையை வெளியே நீட்டி, நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த வெற்றிலையைத் துப்பினார். பஸ் நகர ஆரம்பித்தது. அந்த அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அட போ நைனா, எங்க பெரியவள மெட்ராஸ்ல குடுத்து, உயிர் காலேஜுல சிங்கம், செத்த காலேஜுல எலும்புக்கூடு, பீச்சுன்னு பாக்க வர்ற சனத்துக்கெல்லாம் ஆக்கிக் கொட்டியே அவ பாதி ஆளாயிட்டா, சுத்திப் பாக்க ஒண்ணுமே இல்லாத ஊராப் பாத்து என்னிய குடுங்கன்னு சின்னவ ஒத்தக்கால்ல நின்னதாலதான் நாங்க உன் ஊருக்கே வந்தோம்!"