மாமனார் கண் மூடினால் கோல்

சீசன் தொடங்கியதிலிருந்து சிவப்புச் சட்டை அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஜெயிப்பது கிடக்கட்டும், ஒரு டிராவாவது பண்ணித் தொலைத்தார்களா? கிடையாது. கோல் என்று அவர்கள் காலிலிருந்து போனது ஒன்றே ஒன்று. அதையும் சொந்த வலைக்குள்ளேயே தள்ளிவிட்டுத் தலையில் கை வைத்து நின்றார்கள். புதுக் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கும் அழகைப் பார்த்தால் கையில் எண்ணெய் தடவித்தான் அனுப்புகிறார்களோ என்று தோன்றும். கோச் மட்டும் ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் மைக் முன்னால் வந்து உட்கார்ந்து, ரசிகர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்பார்.

லென்ஸ்காரரிடம் பொறுமை தீர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் பிரேமுக்குத் தக்கபடி லென்ஸ் வெட்டுகிற வேலை என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். மயிரிழை பிசகாமல் வெட்டுகிற மனிதர், போன வாரம் ஒருவருடைய வலது கண் லென்ஸை இடது கண்ணில் மாட்டி அனுப்பிவிட்டார். முதலாளி காரணம் கேட்டபோது, பெனால்ட்டி போச்சு சார் என்றார். இரண்டாவது தோல்வியோடு பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவதையும் விட்டுவிட்டார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவானேன்?

வேலைப் பாய்ச்சத்தான் மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன் இருந்தாரே. அவர் நீலச் சட்டை அணியின் ஆள். படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் துக்கம் விசாரிப்பார்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறீங்க சார். கோல் போஸ்ட் எங்கன்னு தெரியாம தவிக்கிற அந்தப் பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு போட்டு விடக் கூடாதா?"

இந்த லட்சணத்தில்தான் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள். அவளுடைய அப்பா தனியாக இருக்கிறார். அன்றைக்கு அடுப்பை அணைக்காமல் நடக்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பார்த்து ஓடி வராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நம்மோடு வந்து இருக்கட்டும், அந்தச் சின்ன ரூமைக் கொடுத்துவிடலாம் என்றாள்.

சின்ன ரூம் என்றால் சாதாரணமா? அங்கேதான் சிவப்புச் சட்டைகள், சிவப்பு மப்ளர்கள், போஸ்டர்கள் எல்லாம் இருந்தன. தோற்ற பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு கண் கலங்குவதும் அங்கேதான். ரூம் போனாலும் போகிறது, மாமனாரோடு உட்கார்ந்து எப்படி ஆட்டம் பார்ப்பது? அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கோட்டோரத்தில் நிற்கிற நடுவர் ஆப்சைடுக்குக் கொடி தூக்கினால் போதும், கொடியை அப்படியா பிடிப்பது, எங்கள் லைனில் இப்படிப் பிடித்தால் மெமோ கொடுத்துவிடுவார்கள் என்று ஆரம்பிப்பார். முடிவதற்குள் இங்கே இரண்டு கோல் விழுந்திருக்கும்.

உங்கப்பா வேண்டாம் என்று எந்தப் புருஷனால் நேராகச் சொல்ல முடியும்? லென்ஸ்காரர் ஒரு திட்டம் போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ராசி என்று ஒன்று இருக்கிறது என்றார். வீட்டுக்குள்ளே எது எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மைதானத்தில் நடக்கும். சீசனின் முதல் ஆட்டத்தன்று உங்கப்பா வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார், அன்றைக்குப் பிடித்தது சனி. இந்த நேரத்தில் வீட்டுக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வந்தால் அணி கீழ் டிவிஷனுக்கே போய்விடும். சீசன் முடியட்டும், பார்க்கலாம்.

மனைவி ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"வீட்டுல நடக்கறதுதான் அங்க பலிக்குமா?"

"நூத்துக்கு நூறு."

"சரிங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை, பாத்திரம் உருளவில்லை. இவளை மடக்குவது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். அந்த இடத்திலேயே சுதாரித்திருக்க வேண்டும் பாவி மனுஷன். சுதாரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சரியாக மாமனார் வந்து நின்றார். வீட்டில் குழாய் ரிப்பேர் நடக்கிறதாம், சாயங்காலம் போய்விடுவாராம். வந்தவர் நேராக அந்த நாற்காலியில் சாய்ந்தார். தள்ளி விடவா முடியும்? முடிந்தது கதை என்று லென்ஸ்காரர் தரையில் உட்கார்ந்தார். மாமனார் வழக்கம்போல் ஒரு கொடியைக் குறை சொன்னார். பிறகு கண் சொக்கித் தூங்கிப் போனார்.

"ஏங்க, இந்த மூடியைக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது ஹாலில் டிவி அலறியது. ஓடி வந்து பார்த்தால் சிவப்புச் சட்டை கோல். சீசனின் முதல் கோல், அதுவும் எதிரி வலையில். அவர் போட்ட கூச்சலில் மாமனார் விழித்துக்கொண்டு, எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். அடுத்த நிமிஷமே எதிரணி ஒன்று போட்டது.

மனைவி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை. அப்பா தூங்கினாரு, நீங்க உள்ள இருந்தீங்க, கோல் விழுந்துச்சு. அவரு முழிச்சாரு, நீங்க இங்க வந்தீங்க, போச்சு. நீங்கதானே சொன்னீங்க, வீட்டுல நடக்கறதுதான் பலிக்கும்னு."

லென்ஸ்காரருக்கு வியர்த்தது. மாமனார் மறுபடி அசருகிற வரை மூச்சு விடாமல் இருந்தார். பிறகு பூனை மாதிரி நடந்து சமையலறைக்குப் போனார். சும்மா நிற்பானேன் என்று அவள் வெங்காயத்தை உரிக்கக் கொடுத்தாள். ஹாலில் இரண்டாவது கோல். பாத்திரத்தைத் தேய்த்தார், மூன்றாவது. ஆட்டம் முடிந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாதி வெங்காயம், பாதி ஆனந்தம். ஜெயித்துவிட்டார்கள்.

சாயங்காலம் மாமனார் செருப்பை மாட்டினார். லென்ஸ்காரர் குறுக்கே போய் நின்றார்.

"மாமா, நீங்க இங்கேயே இருந்துடுங்க."

"எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்குச் சிரமம்?"

மனைவிதான் தடுத்தாள். அப்பாவுக்கு ஹாலில் படுத்தால் சரிப்படாது, அந்தச் சின்ன ரூமில் உங்கள் சாமான்கள் இருக்கின்றன, வேண்டாம் என்று பிகு பண்ணினாள். சாமானா பெரிது என்றார் இவர். அன்றைக்கே போஸ்டர்களைக் கழற்றி, சட்டைகளையும் மப்ளர்களையும் மூட்டை கட்டிப் பரண் மேல் ஏற்றினார். நாற்காலிக்குத் தலையணையும் வாங்கி வந்தார். மறுநாள் தானே போய் மாமனாரின் டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை என்று பெரியவர் உருகிவிட்டார்.

அடுத்த ஆட்டம் வந்தது. மாமனார் வயிறு முட்டச் சாப்பிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். கும்பகர்ணன் பார்த்திருந்தால் எழுந்து இடம் கொடுத்திருப்பான். லென்ஸ்காரர் சமையலறையில் ஒரு வாரத்துக்கான காயை நறுக்கினார். ஹாலில் ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. நான்கு விழுந்தது. எல்லாம் நம் வலையில். குறட்டை ஒரு நொடிகூட நிற்கவில்லை, தோல்வியும் நிற்கவில்லை.

கத்தியை வைத்துவிட்டு அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். எலெக்ட்ரீஷியன் இறங்கி வந்தார். இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன வாரம் மட்டும் எப்படி ஜெயிச்சாங்க?" என்றார் லென்ஸ்காரர் ஈனஸ்வரத்தில்.

"அது ஒரு ஆட்டமா சார்? எதிரணியில பாதிப் பேருக்குக் காய்ச்சல். ரெண்டு கோல்கீப்பரும் படுத்துட்டாங்க, தடுப்பாட்டக்காரன் ஒருத்தனைத்தான் கோலுக்கு நிக்க வெச்சாங்க. பேப்பர்ல நாலு நாளா வந்துச்சே, பார்க்கலையா? உங்க வீட்டம்மாகூட விசாரிச்சுக்கிட்டாங்களே."

லென்ஸ்காரர் எழுந்தார். உள்ளே மாமனார் குறட்டை. சின்ன ரூமில் மாமனார் படுக்கை. சமையலறையில் அவள் காயை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாடி வீட்டுக்காரர்கிட்ட என்ன கேட்டே?"

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"உங்க ஆளுங்க எந்த ஆட்டத்துல ஜெயிப்பாங்கன்னு கேட்டேன். இந்த சீசனுக்கே ஒண்ணுதான் தேறும்னாரு. அதைப் போய் வீணாக்க முடியுமாங்க?"