அந்த ‘அவரு’ யாரு?

ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, மறு கன்னம் வழவழப்பு. அந்தக் கோலத்தில் சலவைக்கடைக்காரர் குளியலறைக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். வெளியே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகம்.

“அவரு எழுதுற மாதிரி யாருக்குடி வரும்? ஒரே ஒரு வரி! வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. அவரு அருமை அவருக்கே தெரியாது, அதான் விசேஷம்!”

கடைக்காரரின் கையிலிருந்த ரேஸர் தடம் மாறி, மீசையில் பாதியைக் கொண்டுபோனது.

மனைவி கண் மருத்துவமனையில் வரவேற்பாளர். வேலை முடிந்ததும் நூலக மாடியில் நடக்கும் இலக்கண வகுப்புக்குப் போகிறாள். போகும்போது களைப்பாகப் போகிறவள் வரும்போது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு வருகிறாள். இதுவே அவருக்குச் சந்தேகம்தான். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் அவரை அழவைத்திருக்கிறதே தவிர, ஒரு நாளும் சிரிக்கவைத்ததில்லை.

பாதி மீசையோடு வெளியே வந்தார்.

“போன்ல யாரு?”

“கூடப் படிக்கிறவ.”

“யாரோ ‘அவரு’ன்னு சொன்னியே?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது வகுப்புச் சமாச்சாரம். உங்களுக்கு எதுக்கு?”

அவ்வளவுதான். அன்று கடையில் வெள்ளைச் சட்டைகளோடு ஒரு சிவப்புத் துண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

இளஞ்சிவப்பாகிப் போன சட்டைகளைப் பார்த்துவிட்டு, இஸ்திரி போடும் அக்கா கேட்டாள்: “வீட்ல என்ன?”

அவர் கொட்டித் தீர்த்தார்.

“இதுக்கா இந்தப் பாடு? அந்தாளு எழுத்தாலதானே மயக்குறான்? நீங்களும் கத்துக்கிட்டு எழுதுங்க.”

குழந்தைகளுக்கான இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து படிக்க ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறந்தார். ஆனால் அதில் படமும் பாட்டும் விடுகதையுமாக இருந்தது. கைக்குட்டை என்றால் மூக்கைத் துடைக்கலாம். நடுவிலுள்ள ‘க்’கை விட்டால் கை குட்டையாகிவிடும் என்று போட்டிருந்த இடத்தில் அவரை அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார். இப்படித்தானே அவளையும் சிரிக்கவைத்திருப்பான் அந்தப் பாவி!

இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் ஒற்று எப்போது வந்து நுழையும் என்ற பாடத்தைப் படித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனக்கும் மனைவிக்கும் நடுவிலும் ஒன்று மிகுந்துவிட்டதாகவே பட்டது.

படிப்பு ஏற ஏற, கடையில் தகராறு ஏறியது.

“என் பேன்ட் வந்துடுச்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“பேன்ட் தானா எப்படிங்க வரும்? ‘என் பேன்ட் வெளுக்கப்பட்டுவிட்டதா’ன்னு கேளுங்க. செயப்பாட்டுவினை.”

வந்தவர் வெளுக்கப்படாத பேன்ட்டைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

“இப்படியே பேசினீங்கன்னா, கடை மூடப்பட்டுவிடும்” என்றாள் அக்கா.

அவர் காதில் விழவில்லை. கடைக் கதவின் பலகையில் அவ்வப்போது ஏதாவது அறிவிப்பு எழுதுவது அவர் வழக்கம். பழையதை அழித்துவிட்டு, எழுவாய் பயனிலை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, ஒற்றுகளை எண்ணி எண்ணிப் போட்டு எழுதினார். மனைவி அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போகிறாள். பார்க்கட்டும்!

பார்த்தாள். நின்று படித்தாள். முகம் தொங்கிப்போயிற்று. அப்படியே நடையைக் கட்டிவிட்டாள்.

விடவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் உத்தியை மாற்றினார்.

“உன் கைப்பக்குவம் உயர்வு நவிற்சிக்கும் அப்பாற்பட்டது.”

“உப்பு ஜாஸ்தியா?” என்று கேட்டுவிட்டு, தட்டில் தண்ணீர் ஊற்ற வந்தாள்.

நாளாக ஆக அவள் சிரிப்பு குறைந்தது. வகுப்பிலிருந்து சீக்கிரமே வந்தாள். ஆள் ஓய்ந்துவிட்டான் என்று கடைக்காரர் உள்ளுக்குள் குதித்தார். அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுள் இல்லை. சமையலறையிலிருந்து மறுபடியும் அந்த போன் பேச்சு.

“என்ன ஆச்சுன்னே தெரியலடி அவருக்கு. முன்ன மாதிரி எழுதுறதே இல்ல. எனக்கு வகுப்புக்குப் போகவே மனசு வரல. அவரு இல்லாம அங்க என்ன இருக்கு?”

அவன் எழுதாததற்கே இவள் இப்படி உருகுகிறாள் என்றால்!

மறுநாள் சாயங்காலம் கடையை அக்காவிடம் விட்டுவிட்டு நூலக மாடிப்படிகளில் தடதடவென்று ஏறினார். கதவைத் தள்ளினார். கரும்பலகை அருகே வாத்தியார் நின்றிருந்தார். கடைக்காரரின் கண் முதலில் சட்டைக்குப் போனது. காலர் சுருண்டிருந்தது, கையில் மடிப்பே இல்லை. இந்தக் கசங்கலிடமா இவள் மயங்கினாள்?

“யாருங்க நீங்க? என்ன வேணும்?” என்றார் வாத்தியார்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தாள். “என்னங்க, நீங்களா? கடையை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?”

“எதுக்கா?” படித்த இலக்கணம் எல்லாம் பறந்து, பேச்சுத்தமிழ் பீறிட்டது. “ஒத்த வரியில எல்லாரையும் சிரிக்கவச்சானே ஒருத்தன்! அவன் எழுதலன்னு என் பொண்டாட்டி சோறு தண்ணி இல்லாம கெடக்குறா! அந்த ‘அவரு’ யாருன்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக ஒரு சிரிப்பு கசிந்தது.

கடைசி பெஞ்சிலிருந்த பஸ் டிரைவர் எழுந்து, முகமெல்லாம் மலர, கையெடுத்துக் கும்பிட்டார்:

“ஐயா, ‘கிழிந்த வாடிக்கையாளர்களின் சட்டைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ன்னு கடைப் பலகையில எழுதின மகான் நீங்கதானா? நீங்க தப்பில்லாம எழுத ஆரம்பிச்சதுலேருந்து எங்களுக்குப் பாடமே இல்லாம போச்சுங்க, கொஞ்சம் பழையபடி எழுதுங்க!”