சாக்ஸ் சுற்றிய மோடம்

சமையலறைத் தொலைபேசியின் ரிசீவர் சப்பையாக இருந்தது. கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்தில் அதைச் செருக வேண்டிய ரப்பர்க் கிண்ணங்கள் இரண்டும் வட்டமாக இருந்தன. லீலண்ட் குருகர் நடுவில் சாக்ஸைத் திணித்து இரண்டுக்கும் சமரசம் பேசிக்கொண்டிருந்தார்.

"அது என் சாக்ஸா?" என்றாள் மனைவி மேக்சின்.

"விஞ்ஞானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்குடு கண்ணு."

"நாளைக்குக் காலையில கராஜ்ல பழைய சாமான் விக்கறேன். ஞாபகம் இருக்குல்ல?"

எப்படி மறக்கும்? கம்ப்யூட்டரின் நெற்றியில் விலைச்சீட்டே ஒட்டியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வாங்கியது முதல் அது தூசி சேர்த்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. இன்று சாயங்காலத்துக்குள் உருப்படியாக ஏதாவது செய்து காட்டினால் சீட்டைக் கிழிப்பதாக மேக்சின் வாக்குக் கொடுத்திருந்தாள். லீலண்டுக்கு அந்தப் பெட்டியின் மேல் உண்மையாகவே ஆசை.

டோலிடோ நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆபீஸ் நண்பர் ஆர்விலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். சரியாக இரண்டு மணிக்குத் தொலைபேசி வழியே இணைவது, மேக்சினின் டூனா மீன் காசரோல் என்ற பதார்த்தத்தின் செய்முறையை அனுப்புவது என்று இருவரும் கைகுலுக்கியிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு லீலண்ட் எண்ணைச் சுழற்றினார். எங்கேஜ்டு. மறுபடி சுழற்றினார். எங்கேஜ்டு.

"மோடம் சரியில்ல," என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் காரை எடுத்தார். சாமான் வாங்கித் தீராத பிரச்சினை உண்டென்று அவர் நம்பியதே இல்லை.

கடைக்காரப் பையன் டுவேன் உதட்டைப் பிதுக்கினான். "கிண்ணமெல்லாம் பழசு சார். இதை நேரா சுவர்ல செருகிடலாம்."

வீட்டு வாசலிலேயே மேக்சின் நின்றிருந்தாள். "நீ போனப்போ யாரோ கூப்பிட்டான். பேசவே இல்ல. திட்டிட்டு வெச்சுட்டேன்."

"எவனாவது வேலையில்லாதவனா இருப்பான்."

புது மோடத்தைச் செருகினார். எங்கேஜ்டு. காது சூடாகும்வரை முயன்றுவிட்டு மறுபடி கடைக்கு ஓடினார்.

"இது தானே டயல் பண்ணும் சார். எங்கேஜ்டா இருந்தா விடாம அடிச்சிக்கிட்டே இருக்கும். நீங்க காபி குடிக்கலாம்," என்றான் டுவேன்.

அது சொன்னபடியே செய்தது. அவரும் காபி குடித்தார். ஒரு கெண்டி காலியாகி, வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

"என் தங்கச்சி மடக்கு மேஜை கொண்டுவரேன்னாளே, அவ எப்படிக் கூப்பிடுவா? லைனை விடறியா இல்லையா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

மேக்சின் சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கி மோடத்தோடு சுருட்டினாள். "கார்ல ஏறு. காசைத் திருப்பி வாங்கறோம்."

வழியெல்லாம் லீலண்டின் முகம் தொங்கிப்போயிருந்தது. "மெஷின் மேல தப்பில்ல மேக்சின். கிறிஸ்துமஸுக்கு சைக்கிள் வாங்கியிருந்தா இந்நேரம் தொப்பையாவது குறைஞ்சிருக்கும். அதையும் சுவர்ல செருகத்தான் பாத்திருப்பேன்."

அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் மோடத்தைக் கடை மேஜைமேல் வைத்தாள். "திருப்பி எடுத்துக்கோப்பா."

டுவேன் பதறிப்போனான். "அவசரப்படாதீங்க மேடம்! இதைவிட வேகமா அடிக்கிறது ஒண்ணு வந்திருக்கு. இப்பத்தான் ஆர்வில்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போறார். ரெண்டு மணிலேருந்து அவர் ஃப்ரெண்டு வீட்டு லைன் எங்கேஜ்டாவே இருக்காம், பாவம், மூணாவது மோடம் மாத்தறார்!"